27 புள்ளி போதுமா?

சென்னையின் எஃப்சி அடுத்தடுத்து மூன்று ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து) சீசன்களை 27 புள்ளியில் முடித்தது. 2022-23இல் அந்த 27 அணியை எட்டாவது இடத்தில் நிறுத்தியது. 2023-24இல் ஆறாவது இடம் தந்து, லீக்குக்குப் பின் கோப்பைக்காக நடக்கும் பிளே ஆஃபுக்குள் அனுப்பியது. 2024-25இல் பதினொன்றாவது இடம், கீழே இரண்டே அணிகள். சீசனின் கடைசிக் கட்டத்தில் "நம்ம டீம் உள்ளே போகுமா" என்று கணக்குப் போடுகிற எவரும் இந்த மூன்று வரியை முதலில் மனதில் எழுதிக்கொள்ள வேண்டும்.

பிப்ரவரி பிறந்துவிட்டால் குளச்சல் முதல் நீரோடி வரை சாயாக்கடைப் பேச்சு ஒரே கேள்வியில் வந்து நிற்கும்: "இன்னும் எத்தனை ஜெயிக்கணும்?" நம் குமரி மாவட்டத்துக்கு இந்தக் கேள்வி இயல்பானது. இங்கே கடற்கரை ஊர்களில் வளர்ந்த பந்தாட்டம் பெரும்பாலும் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர்), நாக் அவுட் முறை. இன்று ஜெயித்தால் நாளை ஆட்டம் உண்டு, தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பக்கத்து மைதானத்தில் யார் யாரை அடித்தார்கள் என்பது கோப்பையின் பாதையை மாற்றலாம். நாம் அடுத்த சுற்றுக்குப் போவதை மாற்றாது. லீக் அப்படியல்ல. 24 ஆட்டம் கொண்ட சீசனில் நம் அணி ஆடாத ஆட்டங்கள்தான் மிகப் பெரும்பான்மை, உள்ளே போகத் தேவையான புள்ளி என்ற கோட்டினை நகர்த்துவதும் அவைதான். எனவே முதலில் கேட்க வேண்டியது: ஆறாவது இடம் எத்தனை புள்ளியில் போய் நிற்கும்?

2022-23 முதல் 2024-25 வரை ஐஎஸ்எல்லில் முதல் ஆறு அணிகளுக்குப் பிளே ஆஃப். முதல் இரண்டு நேராக அரையிறுதிக்குப் போயின. மூன்றாவது அணி ஆறாவதையும், நான்காவது ஐந்தாவதையும் ஒரே ஆட்ட நாக் அவுட்டில் சந்தித்தன. அந்த மூன்று ஆண்டுகளில் ஆறாவது அணி முடித்த புள்ளிகள் இவை: 2022-23இல் ஒடிசா 20 ஆட்டத்தில் 30, 2023-24இல் சென்னையின் எஃப்சி 22 ஆட்டத்தில் 27, 2024-25இல் மும்பை 24 ஆட்டத்தில் 36. ஆட்டத்துக்கு எத்தனை என்று வகுத்தால் 1.5, 1.23, 1.5. இரண்டு ஆண்டு ஒரே அளவு, நடுவில் ஓர் ஆண்டு பெரிய சரிவு.

ஏன் சரிந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 2023-24இல் மோகன் பகான் 48, மும்பை 47, கோவா 45, ஒடிசா 39 என்று மேலே நாலு அணிகள் புள்ளியை அள்ளிக்கொண்டு போயின. ஐந்தாவது கேரளா பிளாஸ்டர்ஸ் 33, ஆறாவது 27. நான்காவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவே 12 புள்ளி. மேல் அணிகளிடம் தோற்பதும், தங்களுக்குள் ஒன்றையொன்று இழுத்துப் பிடிப்பதுமாக மற்றவர்கள் கீழேயே கிடந்தார்கள். அதனால் கோடு தாழ்ந்தது. 2024-25இல் மோகன் பகான் 56, கோவா 48 என்று இரண்டு அணிகள் மட்டும் பிய்த்துக்கொண்டு போக, பெங்களூரு, நார்த்ஈஸ்ட், ஜாம்ஷெட்பூர் மூன்றும் 38, மும்பை 36. மூன்றாவதுக்கும் ஆறாவதுக்கும் 2 புள்ளிதான் வித்தியாசம். நடு அணிகள் நெருங்கி ஏறும் ஆண்டில் கோடும் கூடவே ஏறும். முந்தைய ஆண்டு 27 போதுமானதாக இருந்தது என்று நினைத்தவர்களுக்கு ஏமாற்றம்தான்: 2024-25இல் 33 எடுத்த ஒடிசாவே ஏழாவதாக வெளியே நின்றது.

ஆகவே பிப்ரவரி நடுவில் செய்ய வேண்டியது இது. ஆறாவது இடத்தில் இருக்கும் அணியின் புள்ளியை அது ஆடிய ஆட்டங்களால் வகுக்க வேண்டும். சீசனின் மொத்த ஆட்டங்களால் பெருக்க வேண்டும். 19 ஆட்டத்தில் 28 என்றால் ஆட்டத்துக்கு 1.47, 24 ஆட்டத்துக்கு 35.4. கோடு 35 அல்லது 36. அத்தோடு விடாமல் ஐந்தாவது, ஏழாவது அணிகளுக்கும் இதையே செய்து பார்க்க வேண்டும். மூன்று விடையும் நெருங்கி வந்தால் கோடு உறுதியானது, இறங்காது. ஏழாவது அணியின் விடை 4, 5 புள்ளி கீழே இருந்தால் கோட்டுக்கு இறங்க இடம் உண்டு.

இங்கே பலர் வழுக்கும் இடம், ஆடிய ஆட்ட எண்ணிக்கை சமமாக இல்லாத பட்டியல். ஓர் அணிக்கு ஓர் ஆட்டம் மிச்சம் இருந்தால் அதை 3 புள்ளியாகவே சேர்த்துப் பேசுவார்கள். எதிரணிக்கு அப்படிச் சேர்க்கும்போது பயம், நம் அணிக்குச் சேர்க்கும்போது ஆசை. இரண்டும் கணக்கு இல்லை. அதைவிட நல்ல வழி, விட்ட புள்ளியை எண்ணுவது. ஆடிய ஆட்டத்தை 3ஆல் பெருக்கி, எடுத்த புள்ளியைக் கழித்தால் விட்டது தெரியும். 19 ஆட்டத்தில் 28 எடுத்த அணி 57இல் 29ஐ விட்டிருக்கிறது. 18 ஆட்டத்தில் 27 எடுத்த அணி 54இல் 27ஐ விட்டிருக்கிறது. பட்டியலில் பின்னால் நிற்பது இரண்டாவது அணி, உண்மையில் நல்ல நிலையில் இருப்பதும் அதுவே. எடுத்த புள்ளி ஏறிக்கொண்டே போகும். விட்ட புள்ளியை யாரும் திரும்பப் பெற முடியாது. கோடு 36 என்றால் 24 ஆட்டத்துக்கான 72இல் 36ஐ மட்டுமே விட அனுமதி. நம் அணி ஏற்கெனவே எத்தனை விட்டுவிட்டது, இன்னும் எத்தனை விடலாம் என்று பார்த்தால் மனக்குழப்பம் பாதி தீரும்.

இப்போது நம் அணியை வைப்போம். 19 ஆட்டத்தில் 24 புள்ளி, மிச்சம் 5 ஆட்டம். கோடு 36 என்றால் தேவை 15இல் 12. மூன்று வெற்றியும் இரண்டு டிராவும் எடுத்தால் 11தான், போதாது. ஆக ஐந்தில் நான்கு ஜெயித்தே தீர வேண்டும். ஓர் ஆட்டத்தில் ஜெயிக்க நூற்றுக்கு 40, டிராவுக்கு 25, தோல்விக்கு 35 என்று ஒரு நடுத்தர அணியின் அளவை வைத்துக்கொண்டால், ஐந்தில் நான்கோ ஐந்தோ ஜெயிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 9 அளவில்தான் வருகிறது. அணி நல்ல வேகத்தில் இருக்கிறது, ஜெயிக்க நூற்றுக்கு 50 என்று தூக்கிப் பிடித்தாலும் 19க்குள்தான்.

அதே அணியை அப்படியே வைத்துக்கொண்டு கோட்டை மட்டும் 33க்கு இறக்கிப் பாருங்கள். தேவை 9. மூன்று வெற்றி போதும், அல்லது இரண்டு வெற்றி, மூன்று டிரா. வாய்ப்பு நூற்றுக்கு 34. நம் அணி ஒரு துளிகூட மேம்படவில்லை. மற்றவர்கள் தடுமாறியதால் 9 என்பது 34 ஆகிவிட்டது. நம் அணி ஒவ்வோர் ஆட்டத்திலும் 10 விழுக்காடு முன்னேறிக் கிடைத்ததைவிட இது அதிகம். இதனால்தான் கடைசி ஐந்து வாரத்தில் நம் ஆட்டத்துக்குக் கொடுக்கும் அதே கவனத்தைக் கவுகாத்தி ஆட்டத்துக்கும் ஜாம்ஷெட்பூர் ஆட்டத்துக்கும் கொடுக்க வேண்டும் என்று அடித்துச் சொல்கிறேன்.

அப்படிப் பார்க்கும்போது யார் ஜெயிக்க வேண்டும் என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். நமக்கு மேலே இருக்கும் இரண்டு அணிகள் மோதுகின்றன. "டிரா ஆகட்டும், ரெண்டு பேருக்கும் நஷ்டம்" என்பது வழக்கமான பேச்சு. ஓர் ஆட்டம் முடிவு கண்டால் பட்டியலில் 3 புள்ளி சேரும், டிரா ஆனால் 2 மட்டுமே சேரும் என்ற அளவில் அது சரி. ஆனால் நாம் அவர்களில் ஒருவரை மட்டும் தாண்டினால் போதும் என்றால் டிரா நமக்கு நல்லதல்ல. இருவரும் ஒரு புள்ளி நகர்ந்துவிடுவார்கள். ஏற்கெனவே பாதுகாப்பாக இருப்பவர் ஜெயித்துப் போகட்டும், நம் கைக்கு எட்டும் அணி அங்கேயே நிற்கட்டும் என்பதுதான் சரியான விருப்பம். இருவரையும் தாண்ட வேண்டிய நிலை என்றால் மட்டும் டிராவுக்கு வேண்டிக்கொள்ளலாம். நமக்குக் கீழே நிற்பவர் மேலே நிற்பவரோடு ஆடினால் பெரும்பாலும் கீழே உள்ளவர் ஜெயிப்பதே நல்லது. ஆனால் அந்தக் கீழணி நமக்கு 2 புள்ளிக்குள் இருந்தால் டிராவே மேல்.

புள்ளி சமமானால் என்ன ஆகும் என்பதில் நம் ஊரில் தொடர்ந்து குழப்பம். இங்கிலாந்து பிரீமியர் லீக் பார்ப்பவர்கள் மொத்தக் கோல் வித்தியாசத்தை எடுத்துக்கொண்டு வருவார்கள். ஐஎஸ்எல்லில் முதலில் பார்ப்பது அந்த இரு அணிகளும் நேருக்கு நேர் ஆடியதில் யார் எத்தனை புள்ளி என்பதை; பிறகு அந்த ஆட்டங்களின் கோல் வித்தியாசம்; மொத்தக் கோல் வித்தியாசம் அதற்கும் பிறகுதான். மூன்று அணிகள் சமமானால் அந்த மூன்றும் தங்களுக்குள் ஆடிய 6 ஆட்டங்களை மட்டும் எடுத்து ஒரு சிறு பட்டியல் போட வேண்டும். 2024-25இல் 38இல் சமமான மூன்று அணிகளில் மொத்தக் கோல் வித்தியாசத்தில் நார்த்ஈஸ்ட் பெங்களூருவைவிட நன்றாகவே முன்னால் இருந்தது. ஆனாலும் மூன்றாவது இடம் பெங்களூருவுக்கு. ஜாம்ஷெட்பூரின் கோல் வித்தியாசமோ மைனஸில் இருந்தது, அதே 38 புள்ளி! கோல் வித்தியாசம் ஓர் அணியின் பலத்தைச் சொல்லும். இடத்தை எப்போதும் சொல்லாது.

இதில் ஒரு நடைமுறை உண்டு. போட்டி அணிகளோடு ஆடிய ஆட்டங்களின் ஸ்கோரை ஜனவரியிலேயே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். நாம் 0-2 தோற்ற அணியோடு இரண்டாவது ஆட்டம் வருகிறது என்றால் 1-0 வெற்றி 3 புள்ளி தரும், ஆனால் சமநிலையில் அந்த அணி நம்மை முந்தும். 80ஆவது நிமிடத்தில் 1-0 என்று முன்னால் இருக்கும்போது பயிற்சியாளர் தடுப்பாட்டக்காரரை இறக்குவதா, இன்னொரு ஸ்ட்ரைக்கரை இறக்குவதா என்பது இந்தக் குறிப்பைப் பொறுத்தது. மைதானத்தில் கத்துகிற நமக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

மிச்ச ஆட்டங்களைத் தரம் பிரிக்கும்போது ஹோமா அவேயா என்று முதலில் பார்க்க வேண்டும், பிறகு எதிரணியின் நிலை. "அவங்களுக்கு இனி ஒண்ணும் இல்ல, விட்டுக்கொடுப்பாங்க" என்ற நம்பிக்கை ஆபத்தானது. 2024-25இல் மோகன் பகான் இரண்டு ஆட்டம் மிச்சம் இருக்கும்போதே, லீக்கில் முதலிடத்துக்குத் தரும் ஷீல்டை உறுதி செய்துவிட்டது. அதன் பிறகு மும்பையோடு 2-2 டிரா, கோவாவை 2-0 வென்றது. தோற்கவே இல்லை. இரண்டாம் வரிசை வீரர்கள் தங்கள் இடத்துக்காக ஆடும்போது முதல் வரிசையைவிட அதிகம் ஓடுவதும் உண்டு. அடுத்து அட்டை. நான்காவது மஞ்சள் அட்டை வந்தால் அடுத்த ஆட்டம் இல்லை. மூன்று அட்டையோடு நிற்பவர்களின் பெயரைப் பட்டியலிட்டு, எந்த ஆட்டத்தில் அவர் இல்லாமல் போனால் தாங்காது என்று பார்க்க வேண்டும். மைதானத்தில் ஒரே நேரத்தில் 4 வெளிநாட்டவர் மட்டும் என்பதால், ஒரு நல்ல வெளிநாட்டு நடுக்கள வீரர் காயப்பட்டால் மாற்று ஆள் கிடைப்பது மற்ற இடங்களைவிடக் கடினம்.

சென்னையின் ரசிகர்களுக்கு என்று தனியாக ஒரு நோய் உண்டு. அது 2015. அந்த ஆண்டு 8 அணி, 14 ஆட்டம், முதல் நான்கு அரையிறுதிக்கு. 10 ஆட்டம் முடிந்தபோது அணி அடியில் கிடந்தது. கடைசி நான்கையும் தொடர்ந்து ஜெயித்து 22 புள்ளியோடு மூன்றாவதாக வந்தது. சென்னை வெள்ளத்தால் சொந்த மைதான அரையிறுதியைப் புனேவில் ஆட வேண்டி வந்தும் கொல்கத்தாவை 3-0 அடித்தது. இறுதியில் கோவாவை அதன் மைதானத்திலேயே 3-2 வென்றது. அந்த சீசனில் சென்னையின் வீரர் மெண்டோசா 13 கோல். அருமையான கதை, ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. ஆனால் ஜெயிக்க நூற்றுக்கு 50 உள்ள அணி நான்கையும் ஜெயிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 6தான். ஒருமுறை நடந்ததை வழக்கமாக்கக் கூடாது.

2019-20 வேறு வகை, அதிலிருந்து உண்மையாகவே கற்க இருக்கிறது. முதல் 6 ஆட்டத்தில் 5 புள்ளி. பயிற்சியாளர் ஜான் கிரிகோரி போய் ஓவன் கோய்ல் வந்தார். மிச்ச 12 ஆட்டத்தில் 24 புள்ளி எடுத்து 29ஓடு நான்காவது இடம், அங்கிருந்து இறுதி வரை. அந்தத் திருப்பத்துக்கு 12 ஆட்டம் இருந்தது. ஆட்டத்துக்கு 2 புள்ளி என்பது நல்ல அணி எட்டக்கூடிய அளவு. ஐந்து ஆட்டத்தில் 12 என்பது ஆட்டத்துக்கு 2.4, ஷீல்டு வாங்குகிற அணியின் வேகம். 56 புள்ளி எடுத்த மோகன் பகானே சீசன் முழுக்க 2.33தான். இந்த ஒப்பீட்டைப் போட்டுப் பார்த்தாலே நம்பிக்கை எந்த அளவில் நிற்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். அந்த 2020 இறுதியில் சென்னையினை 3-1 வென்றது கொல்கத்தாவின் ஏடிகே. அந்த சீசன் ஏடிகே அணியில் நம் இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் இருந்தார் என்பதால் நம் கரையோரத்தில் அன்றைக்கு இரு பக்கமும் மனசு இருந்தது.

2023-24இன் கடைசிக் கட்டம் இந்தக் கணக்கெல்லாம் ஒன்றாக வேலை செய்த இடம். மார்ச் 31இல் கொல்கத்தாவில், அந்த ஆண்டு ஷீல்டு வாங்கிய மோகன் பகானையே 3-2 வென்றது சென்னையின். ஏப்ரலில் ஜாம்ஷெட்பூரை 2-1, நார்த்ஈஸ்ட்டை 2-1. புள்ளி 27. மறுநாள் ஈஸ்ட் பெங்கால் பஞ்சாபிடம் 1-4 தோற்றது. ஆறாவது இடம் உறுதி. கடைசியில் கோவாவிடம் 1-4 தோற்றும் ஒன்றும் ஆகவில்லை. நம் மூன்று வெற்றி பாதி வேலை, டெல்லியில் பஞ்சாப் செய்தது மீதி.

உள்ளே நுழைந்த பிறகு இடத்தின் எண் மறுபடியும் முக்கியமாகிறது. நாக் அவுட் ஆட்டம் மேலே முடித்த அணியின் மைதானத்தில் நடந்தது. மூன்று சீசனில் நடந்த ஆறு நாக் அவுட்டில் ஐந்தை வீட்டு அணியே வென்றது. விதிவிலக்கு 2025இல் ஷில்லாங்கில் நார்த்ஈஸ்ட்டை 2-0 வென்ற ஜாம்ஷெட்பூர் மட்டும். இதில் மும்பையின் கதையைப் பாருங்கள்: 2025 மார்ச் 11இல் பெங்களூரு கண்டீரவாவில் 2-0 வென்று ஆறாவது இடத்தைப் பிடித்தது, அதே மைதானத்தில் மார்ச் 29இல் நாக் அவுட்டில் அதே அணியிடம் 0-5. மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் மஞ்சள் சட்டைக்காரர்கள், அதாவது கேரளா பிளாஸ்டர்ஸ் ரசிகர்கள் நிறைய. பிளாஸ்டர்ஸ் 2022-23, 2023-24 இரண்டிலும் ஐந்தாவதாக முடித்து, பெங்களூருவிலும் புவனேஸ்வரத்திலும் வெளியே போனது. ஆறு அணி முறை வந்த அந்த மூன்று ஆண்டில் கொச்சியில் ஒரு நாக் அவுட்கூட இல்லை. ஆகவே நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் இடையிலான ஒரு புள்ளி, ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் இடையிலான புள்ளிக்கு அடுத்தபடி விலை உயர்ந்தது. ஆறாவது உறுதியாகிவிட்டது என்று கடைசி இரண்டு ஆட்டத்தை லேசாக விடும் பயிற்சியாளரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

மார்ச், ஏப்ரலில் தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் விசைப்படகுகள் கடலில்தான் இருக்கும்; மேற்குக் கரைத் தடைக்காலம் ஜூன் 1இல்தான் தொடங்கும். கரையில் இருப்பவர்கள் நேரில் போய்ப் பார்க்க நினைத்தால் டிக்கெட் விஷயத்தில் முன்னேற்பாடு வேண்டும். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். நாக் அவுட் எங்கே என்று தெரிவதோ லீக் முடிந்த பிறகு. 2024இல் லீக் ஏப்ரல் 15இல் முடிந்து 19இல் நாக் அவுட் தொடங்கியது, நடுவில் நாலே நாள். எனவே மேலே சொன்ன கணக்கில் நம் அணி ஐந்து, ஆறில்தான் வரும் என்று தெரிந்தால் சென்னைக்கு அனந்தபுரி எக்ஸ்பிரஸில் போட்டு வைக்கக் கூடாது. எதிரணி பெங்களூரு என்றால் குழித்துறையிலேயே ஏறலாம், ஐலண்ட் எக்ஸ்பிரஸ். கோவா என்றால் திருவனந்தபுரம் போய் நேத்ராவதி. மட்காவில் இறங்கினால் ஃபடோர்டா மைதானம் பக்கம். நாக் அவுட்டைத் தாண்டி அரையிறுதிக்குப் போனால் இரண்டு லெக் (இரண்டு ஆட்டம்), அதில் ஒன்று கட்டாயம் சொந்த மைதானத்தில். கீழே முடித்த அணிக்கு முதல் லெக்கே வீட்டில் வரும் என்பதால் அதற்குத் தயாராகும் நேரமும் குறைவு. தட்கல்தான் வழி: புறப்படும் நாளுக்கு முந்தைய நாள் ஏசிக்குக் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி.